ஒட்டுத் துணியில் ஒரு சரித்திரம்
ஜப்பானிய உழவர்களின் நீல உடை சொல்லும் கதை

ஜப்பானிய உடை என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பட்டுக் கிமோனோதான். காலண்டர்களிலும் சினிமாக்களிலும் அதைத்தான் காண்கிறோம். ஆனால் அந்த நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் பட்டு உடுத்தியவர்கள் அல்லர். பட்டுப் புழுவை வளர்த்தார்கள், நூலை எடுத்தார்கள், விற்றார்கள். தாங்கள் உடுத்தியது மட்டும் முரட்டு நாரில் நெய்து நீலத்தில் தோய்த்த துணியே. டோக்குகாவா வம்சத்தார் ஆண்ட 1603 முதல் 1868 வரையிலான காலத்தில், ஜப்பானியரில் பத்துக்கு எட்டுப் பேர் உழவர்கள். அவர்கள் வயலில் உடுத்திய உடைக்கு "நோராகி" என்று பெயர். "நோரா" என்றால் வயல்வெளி. "கி" என்றால் உடுப்பது. வயல் உடை என்பதே பொருள்.

கிழிந்தும் ஒட்டுப் போட்டும் சாயம் வெளுத்தும் போன அந்த உடைகளை ஒரு காலத்தில் வெளியார் கண்ணில் காட்டவே உழவர் குடும்பங்கள் கூசின. இன்றோ அவை கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கப்படுகின்றன. வெளிநாட்டுச் செல்வந்தர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்கள். அவமானச் சின்னமாக இருந்த ஒன்று எவ்வாறு மதிப்புப் பெற்றது என்பது சுவையான கதை. அந்தக் கதையில் இந்தியாவுக்கும் பங்கு உண்டு. சென்னை மயிலாப்பூருக்கும் கூட உண்டு!

வேலைக்கு ஏற்ற உடுப்பு

நோராகி என்பது ஒரே உடுப்பு அல்ல, ஒரு தொகுப்பு. மேலே முழங்காலுக்கு மேல் நிற்கும் சட்டை போன்ற அங்கி. பொத்தான் கிடையாது. இடப்பக்கத்தை வலப்பக்கத்தின் மேல் மடித்து இடுப்பில் கச்சையால் கட்டிக் கொள்வார்கள். கை குட்டையாகவோ, மணிக்கட்டை நோக்கிக் குறுகியோ இருக்கும். நாற்று நடும்போது தொங்கும் கை சேற்றில் புரளக் கூடாது அல்லவா? கீழே ஆண்களுக்குக் காலோடு ஒட்டிய "மோமோஹிகி" என்னும் கால்சட்டை. பெண்களுக்கு, இடுப்பில் தாராளமாகவும் கணுக்காலில் இறுக்கியும் தைத்த "மோன்பே". இரண்டாம் உலக யுத்த காலத்தில் நகரத்துப் பெண்களும் மோன்பே அணிய நேர்ந்தது. குண்டு வீச்சின்போது கிமோனோவோடு ஓட முடியாது என்பதே காரணம்.

முன்கையை மூட "தெக்கோ", கெண்டைக்காலைச் சுற்றிக் கட்ட "க்யாஹான்" என்னும் பட்டி, தலையில் ஒரு துண்டு, அதற்கு மேல் ஓலைத் தொப்பி, மழைக்கு வைக்கோலில் முடைந்த "மினோ", காலில் வைக்கோல் செருப்பு. இவ்வளவும் சேர்ந்தால்தான் ஓர் உழவன் வயலுக்குப் புறப்பட்டதாகப் பொருள்.

காலுக்கு வந்த மாற்றம் ஒரு பெரிய கம்பெனிக்கே வித்தாக அமைந்தது. பெருவிரல் தனியாகவும் மற்ற விரல்கள் சேர்ந்தும் இருக்கும் துணிக் காலுறைக்கு "தாபி" என்று பெயர். அதன் அடியில் ரப்பரை ஒட்டி, செருப்பு இல்லாமலே தரையில் நடக்கும்படி செய்த "ஜிகா தாபி"யை 1923இல் சந்தைக்குக் கொண்டு வந்தது கூருமே நகரத்து இஷிபாஷி குடும்பம். சுரங்கத் தொழிலாளர்களும் உழவர்களும் கட்டட வேலைக்காரர்களும் அதை விரும்பி வாங்கினார்கள். அந்த ரப்பர் அனுபவத்தோடு ஷோஜிரோ இஷிபாஷி 1931இல் தொடங்கியதே பிரிட்ஜ்ஸ்டோன் டயர் கம்பெனி. "இஷி" என்றால் கல். "பாஷி" என்றால் பாலம். குடும்பப் பெயரையே ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டுக் கொண்டார். லாரிகளில் ஓடும் அந்த டயரின் மூதாதை உழைப்பாளியின் காலணிதான்.

வீணாகாத வெட்டு

ஜப்பானியத் தறியில் நெய்த துணி மிகக் குறுகலானது. அகலம் சுமார் 36 சென்டிமீட்டர். அதாவது ஒரு முழத்துக்கும் குறைவு. ஓர் ஆளுக்கு உடை தைக்க வேண்டிய துணி சுமார் 12 மீட்டர் நீளச் சுருளாக வரும். அதை வளைத்து வெட்டும் பழக்கம் கிடையாது. நேர்க் கோட்டில் துண்டு போட்டு ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைப்பார்கள். துண்டுத் துணி விழாது.

இதில் இன்னொரு சௌகரியமும் உண்டு. தையலைப் பிரித்து விட்டால் மறுபடியும் அதே நீளத் துணி கிடைத்து விடும். தோள் தேய்ந்தால் தோளைக் கீழே போட்டு, கீழ்ப்பகுதியைத் தோளுக்குக் கொண்டு வரலாம். தகப்பனின் அங்கி மகனுக்கு ஆகும். அதற்குப் பின் குழந்தைக்கு இடுப்புத் துணி. பின்பு அடுப்படித் துணி. கடைசியில் எரித்த சாம்பலும் வயலுக்கு உரம். மூன்று சிறு பயற்றைப் பொதிந்து முடியக்கூடிய அளவுத் துணி இருந்தாலும் எறியாதே என்பது வடக்குக் கிராமங்களில் கிழவிகள் பேத்திகளுக்குச் சொன்ன புத்திமதி.

பருத்திக்குத் தடை

இத்தனை சிக்கனம் ஏன்? துணி கிடைக்கவில்லை, அதுதான் காரணம். ஜப்பானின் பெரிய தீவான ஹோன்ஷுவின் வடகோடியில் இருப்பது ஆவோமோரி மாகாணம். ஆண்டில் நாலைந்து மாதம் பனி மூடிக் கிடக்கும் பூமி. அந்தக் குளிரில் பருத்தி விளையாது. விளைந்தது "ஆசா" என்னும் நார்ச்செடி மட்டுமே. அதை வெட்டி, ஊற வைத்து, நாரை உரித்து, நகத்தால் கிழித்து, முனையோடு முனை முறுக்கி நூலாக்கி, அப்புறம்தான் தறியில் ஏற்ற வேண்டும். ஒரு குடும்பத்துக்கு வேண்டிய துணி தயாராவதற்குள் பெண்களின் குளிர்காலம் முழுவதும் போய்விடும்.

ஆசாத் துணி உறுதியானது. வெயிலுக்கு மிகவும் இதமானது. ஆனால் இழைகளுக்கு நடுவே சந்து விழும்; பனிக்காற்று உள்ளே புகுந்து விடும். பருத்தித் துணியோ மெத்தென்று இருக்கும். உடல் சூட்டைக் காக்கும். வடக்கத்தியாருக்கு வேண்டியது பருத்தி. ஆனால் அது எட்டாக் கனியாக இருந்தது.

பணம் இருந்தாலும் சட்டம் குறுக்கே நின்றது. உழவர்கள் பட்டு உடுத்தக் கூடாது, ஆசாவோ பருத்தியோதான் உடுத்தலாம் என்று 1628இலேயே ஷோகன் அரசு உத்தரவிட்டிருந்தது. அதற்கு மேலும் ஒரு படி போயிற்று ஹிரோசாகியில் இருந்து ஆண்ட த்ஸுகாரு சிற்றரசு. 1724இல் அது பிறப்பித்த சிக்கனச் சட்டம், உழவர்கள் பருத்தி ஆடை அணிவதையே தடுத்தது. உடம்பு நடுங்கும் தேசத்தில், உடம்புக்குச் சூடு தரும் துணி உழைப்பவனுக்கு விலக்கப்பட்டது!

ஊசியால் சொன்ன பதில்

இந்தச் சட்டத்துக்கு வடநாட்டுப் பெண்கள் வாளால் பதில் சொல்லவில்லை, ஊசியால் சொன்னார்கள். பருத்தித் துணி கிடையாது என்றால் பருத்தி நூல் கொஞ்சம் கிடைத்தால் போதும் என்றார்கள். நீலம் தோய்த்த ஆசாத் துணியின் சந்துகளை வெள்ளைப் பருத்தி நூலால் நூலோட்டித் தைத்து அடைத்தார்கள். துணி தடித்தது, காற்று நின்றது, தேய்மானமும் குறைந்தது. அப்படித் தைத்ததுதான் "கோகின்" என்ற தையல்.

ஜப்பான் முழுவதிலும் இத்தகைய நூலோட்டத் தையலுக்குப் பொதுப்பெயர் "சஷிகோ". குத்தித் தைத்தல் என்று பொருள் கொள்ளலாம். நம் நாட்டில் வங்காளத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் "காந்தா" இதற்கு ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். சஷிகோவில் புகழ் பெற்றவை மூன்று. மேற்கு ஆவோமோரியில் த்ஸுகாரு கோகின். கிழக்கு ஆவோமோரிப் பக்கம் நம்பு ஹிஷிசாஷி. யமகாடா மாகாணத்தில் ஷோனாய் சஷிகோ.

கோகின் தைப்பதற்குக் கண்ணும் கணக்கும் வேண்டும். துணியில் பாவு இழைகளை எண்ணி எண்ணி ஊசியை ஓட்ட வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து என்று ஒற்றைப்படையில் இழைகளை எடுப்பது கோகின். இரண்டு, நான்கு என்று இரட்டைப்படையில் எடுப்பது ஹிஷிசாஷி. இந்த ஒரே ஒரு வித்தியாசத்தால் உருவமே மாறிவிடும். கோகினில் நெட்டுக்கு நின்ற சாய்சதுரம் வரும். ஹிஷிசாஷியில் படுத்த சாய்சதுரம் வரும். ஓர் இழை தவறினால் முழு வரிசையும் தவறிப் போகும். பிரித்துத்தான் மறுபடி தைக்க வேண்டும். பள்ளிக்கூடம் காணாத பெண்கள், காகிதத்தில் வரையாமல், மனக் கணக்காகவே இதைச் செய்தார்கள். தாங்கள் கண்ட பொருள்களின் பெயரையே கோலங்களுக்கு இட்டார்கள். ஒன்று பயறு, ஒன்று பூ, ஒன்று பூனைக் கண்!

அழகுக்காக மட்டும் அல்ல இந்த வேலைப்பாடு. ஹிரோசாகிக்கு மேற்கே மூட்டை சுமக்கும் மலைக் கிராமங்களில், தோள் பகுதியில் குறுக்குக் கோடுகளாக நெருக்கி நெருக்கித் தைத்தார்கள். சுமைக் கயிறு அறுக்கும் இடம் அதுதானே! வெள்ளை நூல் அழுக்கேறிப் பழுத்ததும் அங்கி முழுவதையும் மறுபடி நீலத்தில் முக்கி வயதானவர்கள் உடுத்திக் கொண்டார்கள். மேலும் தேய்ந்தால் அதன் மேலேயே இன்னொரு முறை தைத்தார்கள்.

நகரங்களில் சஷிகோவுக்கு வேறொரு உபயோகம் இருந்தது. அக்காலத்தில் எடோ என்று வழங்கிய டோக்கியோவில் மர வீடுகள் அடிக்கடி தீப்பற்றின. தீயணைப்போர் பல மடிப்புத் துணிகளைச் சஷிகோவால் சேர்த்துத் தைத்த கனத்த அங்கியைத் தண்ணீரில் நனைத்துப் போட்டுக் கொண்டு நெருப்பில் இறங்கினார்கள். அங்கியின் உட்புறத்தில் வீரர், டிராகன் போன்ற சித்திரங்கள் இருக்கும். தீ அணைந்த பின் அங்கியைத் திருப்பிப் போட்டுக் கொண்டு பெருமையோடு வீடு திரும்புவார்களாம்.

கப்பலில் வந்த கந்தல்

வடக்கே பருத்தி எந்த உருவில் வந்தது தெரியுமா? கந்தலாக வந்தது. ஒசாகாவிலும் கியோட்டோவிலும் நகரத்தார் உடுத்திக் கழித்த பருத்தித் துணிகளைப் பழந்துணி வியாபாரிகள் வாங்கிச் சேர்த்தார்கள். "கிதாமாய்புனே" என்னும் பாய்மரக் கப்பல்கள் அவற்றை மூட்டை மூட்டையாக ஏற்றி, ஜப்பான் கடல் வழியே வடதுறைகளுக்குக் கொண்டு சென்றன. திரும்பும்போது மீனையும் கடற்பாசியையும் மீன் உரத்தையும் ஏற்றி வந்தன. அந்த மீன் உரம் தெற்கே பருத்தி வயலுக்குப் போயிற்று என்பது விந்தையான பொருத்தம்.

வந்த கந்தலில் நல்ல துண்டை ஒட்டுக்கு வைத்துக் கொண்டார்கள். ஒட்டுக்கும் உதவாததை விரல் அகலத்துக்கு நாடாவாகக் கிழித்தார்கள். பாவுக்கு ஆசா நூல், ஊடைக்கு இந்தக் கந்தல் நாடா என்று போட்டு நெய்தார்கள். இதற்குச் "சாகிஓரி" என்று பெயர். கிழித்து நெய்தது என்று பொருள். கம்பளம் போல் தடித்த இந்தத் துணி காற்றைத் தடுத்தது. முள்ளுக்கும் ஈடு கொடுத்தது. மீனவர்களும் விறகு வெட்டிகளும் சாகிஓரி அங்கியையே நம்பினார்கள்.

தலைமுறை தலைமுறையாக ஒட்டின் மேல் ஒட்டாகச் சேர்ந்து, முதலில் இருந்த துணி எது என்றே தெரியாமல் போனதற்குப் "போரோ" என்று பெயர். கந்தல் என்பதுதான் அச்சொல்லின் அர்த்தம். இரவில் போர்த்திக் கொள்ளும் "டோன்ஜா" என்னும் ஒட்டுத் துணி அங்கி பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். பஞ்சுக்குப் பதிலாக அதற்குள் ஆசாச் சக்கையை அடைத்திருப்பார்கள். வைக்கோல் பரப்பின் மேல் தாயும் தகப்பனும் குழந்தைகளும் ஒரே டோன்ஜாவுக்குள் நெருங்கிப் படுத்து ஒருவர் சூட்டில் ஒருவர் இரவைக் கழித்தார்கள்.

"போடோகோ" என்னும் ஒட்டுத் துணி விரிப்பு ஒன்று உண்டு. பிரசவத்தின்போது அதைத்தான் தரையில் விரித்தார்கள். பாட்டி உடுத்தியது, பாட்டன் உடுத்தியது, அவர்களுக்கு முன்னோர் உடுத்தியது எல்லாம் ஒட்டாகச் சேர்ந்த அந்த விரிப்பில்தான் புதிய உயிர் முதலில் வந்து விழுந்தது. புதுத்துணி வாங்க வகையில்லாத வீட்டில் இதைவிடப் பெரிய வரவேற்பு என்ன இருக்க முடியும்?

நீலத்தின் ரகசியம்

இந்த உடைகள் எல்லாம் ஏன் நீலமாகவே இருக்கின்றன? மற்றப் பல சாயங்களைச் சட்டம் சாதாரண ஜனங்களுக்கு விலக்கியிருந்தது ஒரு காரணம். நீலச் சாயம் வெயிலுக்கும் சலவைக்கும் தாங்கியது இன்னொரு காரணம். நீலம் தோய்த்த துணியைப் பாம்பும் பூச்சியும் அண்டாது என்ற நம்பிக்கையும் உழவர்களிடம் இருந்தது.

இந்தியாவில் நீலம் எடுக்கும் அவுரி வேறு. ஜப்பானிய நீலச்செடி வேறு. ஆனால் இரண்டிலும் உள்ள சாயம் ஒன்றே. ஷிகோகு தீவில் இப்போது தோக்குஷிமா எனப்படும் ஆவா நாடுதான் நீலத்துக்குப் பேர் போனது. யோஷினோ ஆறு அடிக்கடி பெருகி வண்டலைக் கொண்டு வந்து கொட்டும். நெல் அறுவடைக் காலத்தில் புயலும் வெள்ளமும் வந்து விடும். நீலச்செடியையோ அதற்கு முன்பே அறுத்து விடலாம். அதனால் உழவர்கள் அதைப் பயிரிட்டார்கள்.

காய்ந்த இலையைக் குவித்து, தண்ணீர் தெளித்து, புரட்டிப் புரட்டிச் சுமார் 100 நாள் மக்க வைப்பார்கள். குவியல் உள்ளுக்குள் கொதிக்கும். நெடி கண்ணைக் கரிக்கும். கடைசியில் கறுத்த மண் போன்ற "சுக்குமோ" கிடைக்கும். சாயக்காரர் அதைத் தரையில் புதைத்த பெரிய தாழியில் போட்டு, மரச் சாம்பல் நீர், சுண்ணாம்பு, கோதுமைத் தவிடு, கொஞ்சம் சாராயம் ஆகியவற்றைச் சேர்த்துப் புளிக்க வைப்பார். குளிர்காலத்தில் தாழிகளுக்கு இடையே நெருப்பு மூட்டிச் சூடு காப்பார். மேலே நுரை பூப்போல் பொங்கினால் சாயம் தயார்.

துணியை முக்கி எடுக்கும்போது நீலமாக இருக்காது, பசுமையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண் எதிரிலேயே நீலமாக மாறும். எத்தனை முறை முக்குகிறோமோ அத்தனை அழுத்தமான நீலம். ஒரே ஒரு முறை முக்கி எடுத்த மிக இளம் நீலத்துக்கு, தாழியை எட்டிப் பார்த்தது என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள்!

சாயக்காரரைப் பற்றி ஜப்பானில் இரண்டு பழமொழிகள் உண்டு. ஊரார் துணிக்கெல்லாம் சாயம் போடுகிறவர் தாம் மட்டும் வெள்ளை உடையில் இருக்கிறார் என்பது ஒன்று. தம் துணியைத் தோய்க்க அவருக்கு நேரம் இல்லை! "நாளை மறுநாள்" என்று சாயக்காரர் சொன்னால் நம்பாதே என்பது மற்றொன்று. தையல்காரரிடம் தீபாவளிச் சட்டைக்கு நடந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

1874இல் டோக்கியோவுக்கு வேதியியல் கற்பிக்க வந்த ஆங்கிலேயர் ராபர்ட் வில்லியம் அட்கின்சன், தெருவெங்கும் இந்த நீலத்தைக் கண்டு வியந்தார். அவர் எழுதியதில் இருந்தே "ஜப்பான் நீலம்" என்ற பெயர் பரவிற்று. அதற்குப் பின் இந்திய அவுரி நீலமும், 1897இல் ஜெர்மன் கம்பெனி சந்தைக்கு விட்ட செயற்கை நீலமும் மலிவாக வந்து ஆவா நீலத்தை வீழ்த்தின. யுத்த காலத்தில் உணவுப் பயிர் அல்லாதவற்றுக்குத் தடை வந்தபோது செடியே அற்றுப் போகும் நிலை. மலைப்பக்கம் மறைவாகப் பயிரிட்டு விதையைக் காப்பாற்றி வைத்தவர்களால்தான் இன்றும் அங்கே நீலம் விளைகிறது.

மயிலாப்பூர்க் கோடு

நீலத்துக்கு அடுத்தபடி உழவர்கள் விரும்பியது கோடு போட்ட துணி. ஜப்பானிய மொழியில் கோட்டுத் துணிக்கு "ஷிமா" என்று பெயர். தீவுச் சரக்கு என்பதிலிருந்து அச்சொல் வந்தது என்று விளக்குவார்கள். கடல் கடந்து தெற்கிலிருந்து வந்த துணி என்பது கருத்து. அந்தக் கோட்டுத் துணிகளில் ஒன்று "சன்தோமே ஷிமா". இந்தச் சன்தோமே வேறு எதுவும் அல்ல. மயிலாப்பூரை ஒட்டிய சாந்தோம்தான்! போர்ச்சுகீசியர் செயின்ட் தாமஸ் பெயரால் அந்த இடத்தைச் சாவோ தோமே என்றார்கள். சோழமண்டலக் கரையில் நெய்த மெல்லிய கோட்டுத் துணிகளைப் போர்ச்சுகீசியக் கப்பல்களும் பின்னர் டச்சுக் கப்பல்களும் ஜப்பானுக்குக் கொண்டு போயின. அவற்றுக்கு மவுசு ஏற, ஜப்பானிய நெசவாளர்களே அதைப் பார்த்து நெய்யத் தொடங்கினார்கள். ஊர்ப் பெயர் மட்டும் துணிப் பெயராக நிலைத்துவிட்டது. நம் நெசவாளர் எவரும் அங்கே போனதில்லை. அவர்கள் கைவேலை போயிருக்கிறது.

கோட்டுக்கு அடுத்தது "கசுரி". நெய்வதற்கு முன்பே நூலை அங்கங்கே கட்டிச் சாயம் தோய்த்து, நெய்யும்போது உருவம் வரும்படி செய்வது. போச்சம்பள்ளிச் சேலையும் ஒரிசாச் சேலையும் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. கூருமே நகரில் 1788இல் பிறந்த இனோவே டென் என்னும் பெண், சுமார் 12 வயதில், பழந்துணி ஒன்று புள்ளி புள்ளியாக வெளுத்திருப்பதைக் கண்டாள். இழை இழையாகப் பிரித்து ஆராய்ந்தாள். வெளுத்த இடத்தைப் போலவே புது நூலைக் கட்டித் தோய்த்து நெய்து பார்த்தாள். கூருமே கசுரி பிறந்தது. 1869இல் அவர் இறப்பதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான பெண்களுக்கு இதைக் கற்பித்தார் என்று கூறப்படுகிறது. நீலத்தில் வெள்ளைத் துளிகள் தெறித்தாற் போன்ற அந்தத் துணி ஜப்பான் முழுவதும் உழவர் பெண்களின் உடையாயிற்று.

பருத்தி கொண்டு வந்த இந்தியர்

பருத்தி ஜப்பானுக்கு வந்த கதையில் இன்னொரு இந்தியத் தொடர்பும் இருக்கிறது. 799இல் மிக்காவா நாட்டுக் கரையில் சிறு படகில் அந்நியர் ஒருவர் ஒதுங்கினார் என்று பழைய அரசாங்க வரலாற்று நூல் கூறுகிறது. வயது சுமார் 20. முதலில் அவர் பேச்சு எவருக்கும் புரியவில்லை. அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக் கொண்ட பின், தாம் "தென்ஜிகு" நாட்டவர் என்றார். தென்ஜிகு என்பது இந்தியாவுக்கு அக்கால ஜப்பானியர் இட்ட பெயர். ஒற்றைத் தந்தி வாத்தியம் ஒன்றை மீட்டிச் சோகமாகப் பாடுவாராம். தம் உடைமைகளை விற்றுச் சாலையோரத்தில் ஒரு வீடு கட்டி, ஏழை வழிப்போக்கர்கள் தங்கிப் போக விட்டார் என்றும் அந்நூல் சொல்கிறது. அவரிடம் இருந்தது பருத்தி விதை. மறு ஆண்டு அதைப் பல நாடுகளில் விதைத்தார்கள், ஆனால் நிலைக்கவில்லை. ஜப்பானில் பருத்தி வேரூன்ற இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின. ஆயினும் அவரை மறக்கவில்லை. இன்றைய ஐச்சி மாகாணத்து நிஷியோ நகரில் அவரைப் பருத்தித் தெய்வமாக வைத்து வணங்கும் கோவில் இருக்கிறது. பேர் தெரியாத ஊரில் போய்ச் சேர்ந்து, அந்த ஊர்ப் பேச்சைக் கற்று, வழிப்போக்கருக்கு இடம் கொடுத்தவர் என்ற அளவில் அவர் நமக்கு அந்நியராகத் தோன்றவில்லை.

இரண்டாம் முறை இந்தியப் பருத்தி போனது பம்பாயிலிருந்து. ஒசாகா நூல் ஆலைகள் பெருகப் பெருக இந்தியப் பஞ்சு தேவைப்பட்டது. ஐரோப்பியக் கப்பல் கம்பெனிகள் கூடிப் பேசிக் கட்டணத்தை உயர்த்தி வைத்திருந்தன. ஜாம்ஷெட்ஜி டாடாவும் ஜப்பானிய ஆலைக்காரர்களும் சேர்ந்து முயன்றதன் பலனாக, நிப்பான் யூசென் கம்பெனி 1893இல் பம்பாய்க்கும் கோபேக்கும் இடையே கப்பல் விட்டது. ஜப்பானியக் கம்பெனி ஒன்று நடத்திய முதல் நெடுந்தூரக் கப்பல் வழி அதுவே. பம்பாய்த் துறைமுகத்தில் கூலிகள் ஏற்றிய பஞ்சுப் பொதிகள் ஒசாகாவில் நூலாகித் துணியாயின. அதற்கு இரண்டு ஆண்டு முன், 1891இல், டோக்கியோவிலிருந்து ஆவோமோரி வரை ரயில் பாதை முடிந்திருந்தது. மலிவான ஆலைத் துணி வடக்கத்திய கிராமங்களுக்கு ரயிலேறிப் போயிற்று.

குளிர் நீங்கியது. எந்தப் பருத்திக்காக ஏங்கினார்களோ அது கிடைத்து விட்டது. கூடவே கோகின் தையலும் மறைந்தது. குளிரைத் தடுக்கவே பிறந்த தையலுக்கு இனி வேலை இல்லை. இதற்காக எவரும் வருந்தவில்லை. வருந்த வேண்டியதும் இல்லை. பனியில் விறைத்த விரலால் எண்ணியெண்ணித் தைத்த பெண்களுக்கு அது விடுதலையே.

பெட்டியில் கிடந்த பெருமை

ஆனால் தைத்து வைத்தவை கண்முன்னே அழிந்தன. அவற்றின் அருமையைச் சொன்னவர்களில் முதல்வர் சோயெத்ஸு யனாகி. 1889இல் பிறந்த அவர், சாதாரண ஜனங்கள் அன்றாட உபயோகத்துக்குச் செய்த பொருள்களிலேயே உண்மையான அழகு இருக்கிறது என்றார். அதற்கு "மிங்கெய்" என்ற சொல்லையே 1925இல் நண்பர்களோடு சேர்ந்து உண்டாக்கினார். 1930களில் கோகினைப் புகழ்ந்து எழுதினார். 1936இல் அவர் டோக்கியோவில் நிறுவிய நாட்டுப்புறக் கைவினை அருங்காட்சியகம் இன்றும் நடக்கிறது.

அவரும் கைவைக்காத போரோவைக் காப்பாற்றியவர் ஆவோமோரிக்காரரான சூசாபுரோ தனாக்கா. 1933இல் பிறந்த அவர், 1960களிலிருந்து கிராமம் கிராமமாக நடந்து பழந்துணிகளைச் சேகரித்தார். ஜப்பான் பணக்கார நாடாகிக் கொண்டிருந்த காலம் அது. ஏழ்மையின் அடையாளத்தை வீட்டில் வைத்திருக்க எவரும் விரும்பவில்லை; எரித்தார்கள், எறிந்தார்கள். கிழவிகள் பெட்டியின் அடியில் இருந்ததைக் காட்டவே வெட்கப்பட்டார்கள். அவர் பொறுமையாக உட்கார்ந்து, துணியை மட்டும் அல்ல, யார் தைத்தது, யாருக்காகத் தைத்தது என்ற கதையையும் சேர்த்து வாங்கிக் கொண்டார். அவர் திரட்டிய த்ஸுகாரு, நம்பு சஷிகோ உடைகளில் 786 உருப்படிகளை ஜப்பானிய அரசு 1983இல் முக்கிய நாட்டுப்புறக் கலாசாரச் சொத்தாக அறிவித்தது. அகிரா குரோசாவா 1990இல் வெளியிட்ட "கனவுகள்" படத்துக்கும் அவர் பழைய உடைகளைக் கொடுத்து உதவினார். டோக்கியோவின் அசாகுசாப் பகுதியில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் அவருடைய போரோக்களைத் தொட்டுப் பார்க்கவும் விட்டார்கள். 2013இல் அவர் காலமானார். கட்டடம் பழையதானதால் 2019இல் அங்கே அந்த அருங்காட்சியகம் மூடப்பட்டது. ஆனால் போரோவின் புகழ் அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது.

இப்போது ஐரோப்பிய, அமெரிக்க உடைக் கம்பெனிகள் புதுத் துணியை வேண்டுமென்றே கிழித்து ஒட்டுப் போட்டு அதிக விலைக்கு விற்கின்றன. தைத்தவளுக்கோ ஒரு காசு கிடைத்ததில்லை. அவள் பெயரும் எவருக்கும் தெரியாது. அழகு என்று எண்ணி அவள் தைக்கவில்லை. மறுநாள் காலை வயலுக்குப் போகிறவனுக்குக் குளிரக் கூடாது என்று தைத்தாள்.

அந்தத் தையல் முற்றும் காட்சிப் பொருளாகிவிடவும் இல்லை. 2011 மார்ச் 11ஆம் தேதி வடகிழக்கு ஜப்பானைச் சுனாமி தாக்கியபோது, இவாத்தே மாகாணத்தின் ஓத்ஸுச்சி என்னும் மீனவர் ஊர் அழிந்தது. மேயரும் மடிந்தார். வீடும் வேலையும் இழந்து முகாமில் கையைக் கட்டிக் கொண்டிருந்த பெண்களுக்கு, உதவ வந்தவர்கள் ஊசியும் நூலும் கொடுத்தார்கள். ஊசி, நூல், துணி; முகாமின் ஒரு மூலையில் உட்காரச் சிறிது இடம்; சஷிகோவுக்கு வேறு எதுவும் வேண்டியதில்லை. அவர்கள் தைத்தது விலை போயிற்று. கையில் சொந்தப் பணம் வந்தது. பாட்டிகளைக் காத்த தையல் பேத்திகளையும் காத்தது.

உழைப்பவன் உடையில் ஒட்டு இருந்தால் ஊர் ஏளனமாகப் பார்ப்பது எந்த நாட்டிலும் உள்ள வழக்கம். அந்த ஒட்டுக்குப் பின்னால் இரவில் விளக்கருகே உட்கார்ந்த ஒருத்தியின் கண்ணும் கையும் கணக்கும் இருக்கின்றன என்பதைத்தான் ஆவோமோரியின் நீலக் கந்தல்கள் உலகத்துக்குச் சொல்கின்றன.